ஆறு மூஸ்கள் லட்சமான தீவு... பத்து மூஸ்கள் மறைந்த காடு! பிறப்பு மட்டும் போதுமா?

கனடாவின் கிழக்குக் கோடியில், அட்லான்டிக் கடலில் இருக்கிறது நியூஃபவுண்ட்லாந்து தீவு. பரப்பளவில் தமிழ்நாட்டைவிடச் சற்றே சிறியது. 1904-ம் ஆண்டு இந்தத் தீவின் ஹவுலி என்ற ஊருக்கு அருகே நான்கு விலங்குகள் காட்டுக்குள் விடப்பட்டன. இரண்டு ஆண், இரண்டு பெண். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நியூ பிரன்ஸ்விக் காடுகளிலிருந்து பிடித்து வரப்பட்டவை. அதற்கு முன்பு, 1878-ல் ஒரு ஜோடி அங்கே விடப்பட்டிருந்தது. ஆக, வெளியிலிருந்து வந்தவை மொத்தம் ஆறே ஆறு.

இன்று அந்தத் தீவில் இருப்பவை ஒரு லட்சத்துக்கும் மேல்!

அந்த விலங்கின் பெயர் மூஸ். மான் குடும்பத்திலேயே மிகப்பெரியது. ஆறு எப்படி லட்சமானது? 'நிறைய குட்டி போட்டிருக்கும், வேறென்ன...' என்று தோன்றலாம். அது பாதி பதில்தான். இதே மூஸ் வேறொரு நாட்டில் பத்து எண்ணிக்கையில் விடப்பட்டும் நிலைக்கவே இல்லை. வேறு சில இடங்களில் குட்டிகள் பிறந்தும் கூட்டம் சுருங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு காட்டுவிலங்கின் எண்ணிக்கை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள மூஸைப்போல நல்ல பாடம் வேறில்லை.

யார் இந்த மூஸ்?

நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் கடமானைப் பார்த்திருப்பீர்கள். மிளா என்றும் சொல்வார்கள். நம் ஊரின் பெரிய மான் அது. மூஸ் அதைவிட மிகப் பெரிய உருவம். வளர்ந்த ஆண் மூஸின் தோள் உயரமே இரண்டு மீட்டரைத் தொடும். அதாவது, ஆறடி ஆள் பக்கத்தில் நின்றால் அதன் முதுகை எட்டிப் பார்க்க முடியாது. எடை 400 முதல் 700 கிலோ வரை.

நீண்டு தொங்கும் மூக்கு, கழுத்துக்குக் கீழே ஆடும் தாடிபோன்ற தோல், குச்சிக்கால்கள்... முதல் பார்வைக்கு, குதிரையையும் ஒட்டகத்தையும் கலந்து யாரோ அவசரமாகச் செய்ததுபோல இருக்கும். ஆனால், அந்த நீண்ட கால்கள்தாம் இடுப்பளவு பனியில் நடக்க உதவுகின்றன. ஆணின் கொம்பு, விரித்த உள்ளங்கைபோல அகன்றிருக்கும். வசந்தத்தில் முளைக்கத் தொடங்கி சில மாதங்களிலேயே முழு அளவை எட்டிவிடும். குளிர்காலத்தில் உதிர்ந்துவிடும். அடுத்த ஆண்டு மறுபடியும் புதிதாக முளைக்கும். பெண்ணுக்குக் கொம்பு கிடையாது.

கனடா, அலாஸ்கா, ஸ்வீடன், நார்வே, ஃபின்லாந்து, ரஷ்யா என்று வடக்கின் குளிர்க்காடுகள் முழுக்க இது வாழ்கிறது. ஐரோப்பாவில் இதற்கு 'எல்க்' என்று பெயர். அமெரிக்காவிலோ 'எல்க்' என்றால் வேறொரு மான். இணையத்தில் படம் தேடும்போது இந்தக் குழப்பம் வந்தால் பயப்பட வேண்டாம், அது பெயரில் உள்ள கோளாறுதான்.

ஒருநாள் வாய்ப்பு, எட்டு மாதக் காத்திருப்பு

மூஸின் இனச்சேர்க்கைக் காலம் செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் முற்பகுதி வரை. அந்த நாள்களில் பெரிய ஆண்கள் சாப்பிடுவதையே ஏறக்குறைய நிறுத்திவிடும். காலால் மண்ணைப் பறித்துக் குழியாக்கி, அதில் சிறுநீர் கழித்து, அந்தச் சேற்றிலேயே புரளும். நமக்கு முகம் சுளிக்கவைக்கும் அந்த வாசனைதான் பெண் மூஸுக்கு அழைப்பு. இன்னொரு ஆண் வந்துவிட்டால் கொம்போடு கொம்பு மோதும். இந்தச் சில வாரங்களில் ஆண் தன் உடல் எடையில் கணிசமான பகுதியை இழந்துவிடும். மெலிந்த உடலோடுதான் அடுத்து வரும் குளிர்காலத்தை அது சமாளிக்க வேண்டும்.

பெண்ணுக்கு இருக்கும் கால அவகாசமோ மிகக் குறைவு. கருத்தரிக்க ஏற்ற நேரம் ஏறக்குறைய ஒரு நாள்தான். அதைத் தவறவிட்டால் மூன்றரை வாரங்கள் கழித்துத்தான் அடுத்த வாய்ப்பு. 'அதனாலென்ன, மூன்று வாரம் தாமதமாகக் குட்டி பிறந்துவிட்டுப் போகட்டுமே' என்று நினைக்கலாம். அங்கேதான் சிக்கல்.

சினைக்காலம் ஏறக்குறைய எட்டு மாதங்கள். செப்டம்பர் இறுதியில் சினையானால் மே மாத இறுதியில் குட்டி பிறக்கும். பனி உருகி, வில்லோ, பிர்ச் மரங்களில் தளிர் விடும் நேரம் அது. தாய்க்குப் பசுந்தழை கிடைக்கும், பால் ஊறும். பிறக்கும்போது குட்டியின் எடை 13 முதல் 16 கிலோ. அந்தப் பாலையும் தழையையும் வைத்து ஐந்தே மாதங்களில் அது 150 கிலோவைத் தாண்டிவிட வேண்டும். பத்து மடங்கு! ஏனென்றால், நவம்பரில் பனி விழத் தொடங்கிவிடும். ஜூன் பாதியில் பிறந்த குட்டிக்கு வளரும் நாள்கள் குறைவு. சின்ன உடம்போடு குளிர்காலத்துக்குள் நுழைகிற குட்டிக்கு, வசந்தத்தைப் பார்க்கும் வாய்ப்பும் குறைவு.

அதனால்தான் வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில், பெரிய ஆண்களை மட்டுமே குறிவைத்துச் சுடுவது ஆபத்து என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆண்கள் மிகவும் குறைந்து, இருப்பவையும் இளசுகளாக இருந்தால், பெண்கள் தாமதமாகச் சினையாகின்றன. எண்ணிக்கையில் கூட்டம் அப்படியே இருப்பதுபோலத் தெரியும். ஆனால், அடுத்த தலைமுறை சிறியதாகப் பிறந்துகொண்டிருக்கும்.

ஒன்றா, இரண்டா? தாயின் உடம்பு எடுக்கும் முடிவு

மூஸ் விஷயத்தில் விஞ்ஞானிகள் உன்னிப்பாகக் கவனிக்கும் ஒன்று உண்டு. இரட்டைக் குட்டிகள்.

காட்டில் தீவனம் செழிப்பாக இருந்தால் பெண் மூஸ் இரண்டு குட்டிகள் போடும். மிக அரிதாக மூன்று. தீவனம் சுமாராக இருந்தால் ஒன்று. மோசமாக இருந்தால் அந்த ஆண்டு குட்டியே இருக்காது. வயதுக்கு வருவதும் இப்படித்தான். நல்ல காட்டில் வளர்ந்த பெண், ஒன்றரை வயதிலேயே இனச்சேர்க்கைக்குத் தயாராகிவிடும். பசியில் வளர்ந்த பெண்ணுக்கு இன்னும் ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும்.

அதாவது, தாயின் உடம்பே காட்டின் நிலவரத்தைப் படித்துக் கணக்குப் போடுகிறது. கோடையில் உடம்பில் சேர்ந்த கொழுப்புதான் அதற்கு வங்கிக் கணக்கு. இருப்பு இருந்தால் இரண்டு. இல்லையென்றால் ஒன்று.

அலாஸ்காவின் வனவிலங்குத் துறையினர் இதை ஓர் அளவுகோலாகவே பயன்படுத்துகிறார்கள். மே மாதக் கடைசியில் சிறிய விமானத்தில் தாழ்வாகப் பறந்து, குட்டியோடு இருக்கும் தாய்களை எண்ணுவார்கள். அவற்றில் எத்தனைக்கு இரட்டை என்று பார்ப்பார்கள். இரட்டைகள் அதிகம் என்றால் காட்டில் சாப்பாடு இருக்கிறது, கூட்டம் இன்னும் பெருகலாம். இரட்டைகள் அரிதாகிவிட்டன என்றால் பந்தியில் கூட்டம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். செடிகளை ஒவ்வொன்றாக அளந்து தெரிந்துகொள்ள வேண்டியதை, தாயின் பின்னால் நடக்கும் குட்டிகளே சொல்லிவிடுகின்றன.

நியூஃபவுண்ட்லாந்தில் என்ன நடந்தது?

இப்போது அந்த ஆறு மூஸ்களுக்கு வருவோம். கணக்குக்காக ஆறிலிருந்து தொடங்குவோம். 6, 12, 24, 48... இப்படி 14 முறை இரட்டித்தால் 98,304. அதாவது ஏறக்குறைய ஒரு லட்சம். ஆறரை ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டித்தால் போதும், 91 ஆண்டுகளில் அங்கே வந்துவிடலாம். ஆண்டுக்குச் சுமார் 11 சதவிகித வளர்ச்சி. கேட்பதற்கு எளிது. ஆனால், 90 ஆண்டுகள் விடாமல் அந்த வேகத்தில் வளர காட்டுவிலங்குக்கு எல்லாமே சாதகமாக அமைய வேண்டும்.

நியூஃபவுண்ட்லாந்தில் அப்படித்தான் அமைந்தது. மூஸைப் பிடிக்கும் ஓநாய்கள் அந்தத் தீவில் 1930 வாக்கிலேயே முற்றிலும் அழிந்துவிட்டன. கருங்கரடிகள் குட்டிகளைப் பிடிக்கும். ஆனால், வளர்ந்த மூஸை நெருங்குவது அரிது. காட்டுத்தீயும் மரம் வெட்டுதலும் பழைய காடுகளைத் திறந்துவிட, அங்கெல்லாம் இளமரங்கள் முளைத்தன. மூஸுக்கு உயர்ந்த மரத்தால் பயனில்லை. வாய்க்கு எட்டும் உயரத்தில் தளிர் வேண்டும். ஆக, எதிரி இல்லை, சாப்பாட்டுக்குக் குறைவில்லை, போட்டிக்கும் பெரிதாக ஆளில்லை. 1990-களின் இறுதியில் எண்ணிக்கை ஒன்றரை லட்சம்வரை போனது.

தீவுவாசிகளுக்கு மூஸ் இறைச்சி உணவாயிற்று, சுற்றுலாப் பயணிகளுக்கு மூஸ் அடையாளமாயிற்று. கூடவே விலையும் வந்தது. ஆண்டுக்குச் சுமார் 700 வாகனங்கள் மூஸ்மீது மோதுகின்றன. குச்சிக்கால்களில் கார் இடித்தால், அரை டன் உடம்பு நேராகக் கண்ணாடிமீது வந்து விழும். இரவில், இருண்ட சாலையில், கரிய நிற விலங்கு. உயிரிழப்புகளும் உண்டு.

காட்டின் நிலை அதைவிடக் கவலைக்குரியது. குரோஸ் மோர்ன், டெர்ரா நோவா என்ற இரு தேசியப் பூங்காக்களிலும், முளைத்து வரும் இளமரங்களை எல்லாம் மூஸ்கள் தின்று தீர்த்தன. குறிப்பாக பால்சம் ஃபிர் மரக்கன்றுகள். பூச்சித் தாக்குதலில் முதிய மரங்கள் செத்தால், அவற்றின் இடத்தில் புதிய மரம் எழவில்லை. புல்வெளிதான் பரவியது. பாதுகாக்கப்பட்ட காடு, பாதுகாக்கப்பட்ட விலங்காலேயே அழிந்துகொண்டிருந்தது. கடைசியில் 2011-ல், தேசியப் பூங்காவுக்குள்ளேயே மூஸ் வேட்டைக்கு அனுமதி கொடுக்க வேண்டியதாயிற்று. வேறு வழி இருக்கவில்லை.

பத்து மூஸ்கள் எங்கே போயின?

நியூஃபவுண்ட்லாந்தில் மூஸ் விடப்பட்ட அதே காலத்தில், உலகின் இன்னொரு மூலையான நியூஸிலாந்திலும் இதே முயற்சி நடந்தது. 1900-ல் கனடாவிலிருந்து கப்பலில் 14 குட்டிகள் அனுப்பப்பட்டன. உயிரோடு போய்ச் சேர்ந்தவை நான்கு. அவை நிலைக்கவில்லை. 1910-ல் மறுபடியும் முயன்றார்கள். தென்தீவின் ஃபியோர்ட்லாந்து பகுதியில், டஸ்கி சவுண்ட் என்ற கடற்கழியின் ஓரத்தில் பத்து மூஸ்கள் விடப்பட்டன.

பத்து என்பது ஆறைவிட அதிகம். ஓநாய் இல்லை, கரடி இல்லை. பனியும் கனடா அளவுக்கு இல்லை. ஆனால், ஃபியோர்ட்லாந்து என்பது செங்குத்து மலை, அடைமழை, அடர்ந்த காடு. அதைவிட முக்கியம், ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட செம்மான்கள் அந்தப் பகுதிக்குள் பெருகி வந்தன. மூஸ் எட்டித் தின்னும் தளிர்களையே அவையும் தின்றன. எண்ணிக்கையில் மூஸை அமுக்கிவிட்டன. சில காலம் குட்டிகள் பிறந்தன. 1952-ல் எடுத்த புகைப்படம்தான் உறுதியான கடைசிப் படம். 2002-ல் அந்தக் காட்டில் கிடைத்த ரோமம், மரபணுப் பரிசோதனையில் மூஸுடையது என்று தெரியவந்தது. இன்றைக்கும் அங்கே மூஸைத் தேடிப் போகிறவர்கள் உண்டு.

ஒரு பக்கம் ஆறு, லட்சமானது. இன்னொரு பக்கம் பத்து, ரோமமாக மிஞ்சியது. இரண்டு இடத்திலும் விலங்கு ஒன்றுதான். குட்டி போடும் திறனும் ஒன்றுதான். மாறியது தட்டில் இருந்த சாப்பாடு.

முதல் ஆறு வாரம்... உயிர் தப்பும் கண்டம்

பிறந்த குட்டி எல்லாம் வளர்ந்துவிடுவதில்லை. கரடியும் ஓநாயும் சேர்ந்து வாழும் அலாஸ்கா பகுதிகளில், பாதிக்கும் மேற்பட்ட குட்டிகள் முதல் பிறந்தநாளைப் பார்ப்பதே இல்லை. அதிலும் பெரும்பாலான இழப்பு முதல் ஆறு வாரங்களுக்குள்.

தாய் சும்மா விடுவதில்லை. குட்டியை நெருங்குவது கரடியாக இருந்தாலும் முன்னங்காலாலும் பின்னங்காலாலும் உதைக்கும். அந்த உதை எலும்பை நொறுக்கும். பல தாய்கள் பிரசவத்துக்கு ஏரிகளின் நடுவே இருக்கும் சிறு தீவுகளுக்கு நீந்திப் போய்விடும். மூஸ் அருமையாக நீந்தும் விலங்கு என்பதால் இது சாத்தியம்.

இன்னொரு தந்திரம் இதைவிட வியப்பானது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பகுதியில் ஜோயல் பெர்கர் என்ற உயிரியலாளர் பல ஆண்டுகள் மூஸ் தாய்களைப் பின்தொடர்ந்தார். கிரிஸ்லி கரடிகள் அந்தப் பகுதியில் மீண்டும் பெருகப் பெருக, மூஸ் தாய்கள் குட்டி போடும் இடம் ஆண்டுக்காண்டு தார்ச்சாலைக்கு நெருக்கமாக வந்துகொண்டிருந்தது. காரணம்? கரடிகள் சாலையையும் மனித நடமாட்டத்தையும் தவிர்க்கும். மனிதர்களால் மூஸுக்குத் தொல்லை இல்லை. ஆக, மனிதர்களையே வேலியாக வைத்துக்கொண்டு பிள்ளை பெற்றன அந்தத் தாய்கள். 2007-ல் இந்த ஆய்வு வெளியானது.

தாயும் குட்டியும் ஓராண்டு சேர்ந்தே இருக்கும். பனியில் தாய் மிதித்துப்போட்ட தடத்தில்தான் குட்டி நடக்கும். எந்த மரம் தின்னலாம், எங்கே தண்ணீர் இருக்கிறது என்பதெல்லாம் அப்படிக் கற்றதுதான். அடுத்த வசந்தத்தில், புதுக் குட்டி பிறக்கப் போகும் சில நாள்களுக்கு முன்பு, அதே தாய் இந்தக் குட்டியை விரட்டிவிடும். ஒரு வயதுப் பிள்ளை புரியாமல் திரும்பத் திரும்ப வரும். தாய் காதை மடக்கிக்கொண்டு துரத்தும். பார்க்கச் சங்கடமாக இருக்கும். ஆனால், ஓராண்டைத் தாண்டிவிட்ட அந்தப் பிள்ளைக்குப் பிழைக்கும் வாய்ப்பு இப்போது அதிகம். கூட்டத்தின் வளர்ச்சி என்று நாம் சொல்வது, இப்படி விரட்டப்படும் வயதுவரை வந்து சேர்ந்த குட்டிகளின் எண்ணிக்கையைத்தான்.

65 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே தீவில் ஒரே ஆய்வு

அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்குள் ஐல் ராயல் என்றொரு தீவு. நீளம் சுமார் 72 கிலோமீட்டர். தேசியப் பூங்கா. வேட்டை கிடையாது, கரடி கிடையாது. மூஸ்கள் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்து சேர்ந்தன. 1940-களின் இறுதியில், ஏரி உறைந்திருந்த குளிர்காலத்தில், பனிக்கட்டிமீது நடந்து ஓநாய்கள் வந்தன. இரண்டும் ஒரே தீவில் மாட்டிக்கொண்டன.

1958-ல் டர்வர்ட் ஆலன் என்ற விஞ்ஞானி இங்கே எண்ணத் தொடங்கினார். பிறகு ரோல்ஃப் பீட்டர்சன் தொடர்ந்தார். குளிர்காலங்களில் சிறிய விமானத்தில் பறந்து மூஸையும் ஓநாயையும் எண்ணுவதுதான் வேலை. வேட்டையாடும் விலங்கையும் இரையையும் பற்றி உலகிலேயே மிக நீண்ட காலமாக நடக்கும் ஆய்வு இது.

அந்தக் கணக்கைப் பாருங்கள். 1980-ல் ஓநாய்கள் 50. அந்தச் சமயத்தில் நாய்களுக்கு வரும் பார்வோ வைரஸ் தீவுக்குள் நுழைந்தது. இரண்டே ஆண்டுகளில் ஓநாய்கள் 14 ஆகிவிட்டன. கட்டுப்படுத்த ஆள் இல்லாத மூஸ்கள் பெருகின. 1995-ல் சுமார் 2,400. 'ஓநாய் குறைந்தது, மூஸ் தப்பித்தது' என்று கதையை முடித்துவிடலாம்போலத் தோன்றும். ஆனால், 1996-ல் வந்தது கடும் குளிர்காலம். ஆழமான பனி. தின்று தீர்த்த காடு. உடம்பு முழுக்க உண்ணி. அடுத்த ஆண்டு எண்ணியபோது மிச்சம் சுமார் 500. ஓநாய்கள் பல ஆண்டுகளில் பிடித்திருக்கக்கூடியதைப் பசி ஒரே குளிர்காலத்தில் பிடித்துவிட்டது.

அதோடும் முடியவில்லை. ஏரி உறைவது அரிதாகிவிட்டதால் புதிய ஓநாய்கள் வர முடியவில்லை. இருந்தவை நெருங்கிய ரத்த உறவிலேயே இனம்பெருக்கிப் பலவீனமாயின. 2018-ல் மிச்சமிருந்தவை இரண்டே இரண்டு, அப்பனும் மகளும். மூஸ்கள் மீண்டும் ஏறி, 2019-ல் 2,000-ஐத் தாண்டின. வேறு வழியில்லாமல் தேசியப் பூங்கா நிர்வாகம் 2018-லும் 2019-லுமாக வெளியிலிருந்து 19 ஓநாய்களைப் பிடித்து வந்து விட்டது. 2024-ம் ஆண்டுக் கணக்குப்படி ஓநாய்கள் 30, மூஸ்கள் 840.

இங்கே இன்னொரு செய்தியும் தெரியவந்தது. தீவில் இறந்த மூஸ்களின் எலும்புகளை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சேகரித்து வருகிறார்கள். குட்டிப் பருவத்தில் பட்டினி கிடந்த மூஸ்களுக்கு, வயதான பிறகு மூட்டுவாதம் வருவது அதிகம் என்று அந்த எலும்புகள் காட்டின. நாற்பது ஆண்டு மண்டையோடுகளை ஒப்பிட்டபோது, அவற்றின் அளவு சுமார் 16 சதவிகிதம் சுருங்கியிருந்தது. காலநிலை வெப்பமாவதோடு இதற்குத் தொடர்பு இருப்பதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

14 டிகிரியே அதிகம்!

குளிருக்கென்றே செய்யப்பட்ட உடம்பு மூஸுடையது. கோடையில் வெப்பநிலை 14 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அதன் உடல் சிரமப்படத் தொடங்கும். ஊட்டியில்கூட அதற்கு வியர்க்கும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். குளிர்கால ரோமத்தோடு இருக்கும்போது மைனஸ் 5 டிகிரியே அதற்கு வெப்பம்தான். வெயில் ஏறினால் மேய்வதை விட்டுவிட்டு நிழலிலும் தண்ணீரிலும் நிற்கும். மேயவில்லை என்றால் கொழுப்பு சேராது. கொழுப்பு இல்லையென்றால் இரட்டைக் குட்டி இல்லை.

வெப்பம் கொண்டுவரும் பெரிய எதிரி, மிளகளவு உயிர். குளிர்கால உண்ணி. இலையுதிர் காலத்தில் செடிகளின் நுனியில் கொத்தாகத் தொற்றிக் காத்திருக்கும் இந்த உண்ணிகள், கடந்துபோகும் மூஸ்மீது ஏறிக்கொள்ளும். குளிர்காலம் முழுக்க அதே உடம்பில் ரத்தம் குடித்து, மார்ச், ஏப்ரலில் தரையில் விழுந்து முட்டையிடும். விழும்போது தரையில் பனி இருந்தால் பெரும்பாலும் செத்துவிடும். பனி சீக்கிரம் உருகிவிட்டால் பிழைத்துவிடும். குளிர்காலம் சுருங்கச் சுருங்க உண்ணிக்குக் கொண்டாட்டம்.

அமெரிக்காவின் மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் 2014 முதல் 2016 வரை குட்டிகளுக்குக் கழுத்துப்பட்டைக் கருவி மாட்டி ஆராய்ந்தார்கள். ஒரு குட்டியின் உடம்பில் சராசரியாக 47,000-க்கும் மேற்பட்ட உண்ணிகள்! அந்த ஆண்டுகளில் குளிர்காலத்தைத் தாண்டாமல் இறந்த குட்டிகள் சுமார் 70 சதவிகிதம். அரிப்புத் தாங்காமல் மரத்தில் உரசி உரசி ரோமம் உதிர்ந்து வெளிறிப்போகும் மூஸ்களை அங்கே 'பேய் மூஸ்' என்கிறார்கள். வளர்ந்த பெண்கள் பிழைத்தாலும் ரத்தம் இழந்த உடம்பில் இரட்டைக் குட்டி தங்குவதில்லை.

மின்னசோட்டா மாநிலத்தில் வேறு பிரச்னை. குளிர் தணியத் தணிய வெள்ளைவால் மான்கள் வடக்கே நகர்ந்தன. அவற்றின் உடம்பில் தொல்லை தராமல் வாழும் ஒரு புழு, மூஸின் மூளையைத் தாக்கும். வடகிழக்கு மின்னசோட்டாவில் 2006-ல் சுமார் 8,800 ஆக இருந்த மூஸ்கள், 2013-ல் 3,000-க்கும் கீழே இறங்கின.

குறைத்தால் கூடுமா?

உண்ணிக்கு மருந்தடிக்கக் காட்டில் வழியில்லை. மெய்ன் மாநிலம் 2021-ல் ஒரு விசித்திரமான சோதனையைத் தொடங்கியது. ஒரு குறிப்பிட்ட பகுதியில் பெண் மூஸ்களைச் சுட வழக்கத்தைவிட அதிக அனுமதி கொடுத்தார்கள். மூஸ் நெருக்கமாக இருந்தால்தான் உண்ணிக்கு ஏற உடம்பு கிடைக்கும். கூட்டம் இடைவெளி விட்டு வாழ்ந்தால் உண்ணி குறையும், பிறக்கும் குட்டி பிழைக்கும் என்பதுதான் யோசனை. அருகில் உள்ள பகுதியில் அப்படிச் செய்யாமல் விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது திட்டம்.

இதற்கு எதிர்ப்பும் இருக்கிறது. 'நோயால் சாகிறது என்பதற்காக நாமும் சுட வேண்டுமா?' என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. 'நூறு குட்டிகள் பிறந்து எழுபது துடித்துச் சாவதைவிட, ஐம்பது பிறந்து நாற்பது பிழைப்பது நல்லதில்லையா?' என்று மறுபக்கம் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

ஸ்வீடன் இந்தக் கேள்வியைப் பல பத்தாண்டுகளாகச் சந்தித்து வருகிறது. அங்கே மரத்தொழிலுக்காகக் காடுகளை மொத்தமாக வெட்டி மறுபடி நட்டார்கள். இளம் பைன் மரங்கள் காடு முழுக்க எழுந்தன. மூஸுக்கு அது விருந்து. கூட்டம் எகிறி, 1982 வாக்கில் ஒரே ஆண்டில் 1,70,000-க்கும் மேல் வேட்டையாடும் அளவுக்குப் போனது. பைன் கன்றுகளை இழக்கும் காட்டு உரிமையாளர்கள் 'குறையுங்கள்' என்பார்கள். வேட்டைக்காரர்கள் 'விட்டுவையுங்கள்' என்பார்கள். இன்றும் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை என்பது பேரம்தான்.

அதே ஸ்வீடனில், வசந்தகாலத்தில் மூஸ்கள் ஓங்கர்மன் ஆற்றை நீந்திக் கடப்பதை அரசுத் தொலைக்காட்சி 2019 முதல் நேரலையாக ஒளிபரப்புகிறது. இரவு பகலாக, வாரக்கணக்கில். பல மணி நேரம் வெறும் ஆறும் மரமும்தான் தெரியும். திடீரென ஒரு மூஸ் கரைக்கு வந்து நிற்கும். நீரில் இறங்கும். லட்சக்கணக்கானோர் அதற்காகக் காத்திருக்கிறார்கள். அப்படி ஆற்றைக் கடக்கும் பெண்களில் பல, சில வாரங்களில் குட்டி போடப் போகிறவை.

எண்ண வேண்டியது எதை?

'மூஸ் எண்ணிக்கை உயர்ந்தது' என்று ஒரு செய்தி வந்தால் மகிழ்ச்சியடைவதா, கவலைப்படுவதா? அந்த ஒரு வரியை வைத்துச் சொல்ல முடியாது. நியூஃபவுண்ட்லாந்தில் உயர்ந்தபோது காடு தேய்ந்தது. ஐல் ராயலில் உயர்ந்த அடுத்த ஆண்டே சரிந்தது. மின்னசோட்டாவில் உயர்ந்தால் நிம்மதி.

அதனால்தான் வனவிலங்கு அதிகாரிகள் மொத்தத் தலைகளை மட்டும் எண்ணுவதில்லை. குளிர்காலத் தொடக்கத்தில் விமானத்தில் பறக்கும்போது, நூறு பெண் மூஸ்களுக்கு எத்தனை குட்டிகள் என்று குறித்துக்கொள்கிறார்கள். மே மாதத்தில் எத்தனை பிறந்தன என்பதைவிட, கரடியையும் கோடையையும் தாண்டி நவம்பர் பனிவரை தாயோடு எத்தனை வந்தன என்பதுதான் கேள்வி. அந்த எண் நன்றாக இருந்தால், மொத்தம் கொஞ்சம் குறைந்திருந்தாலும் பதற்றமில்லை. அந்த எண் விழுந்துவிட்டால், காட்டில் ஆயிரக்கணக்கில் மூஸ் நின்றாலும் அடுத்த சில ஆண்டுகளுக்கான எச்சரிக்கை அது.

இந்தக் கணக்கு மூஸுக்கு மட்டும் உரியதல்ல. எந்தக் காட்டைப் பற்றி, எந்த விலங்கின் கணக்கெடுப்பைப் பற்றிப் படித்தாலும் மொத்த எண்ணோடு நின்றுவிடாமல், இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம்... அதில் குட்டிகள் எத்தனை? அவை வளர்ந்தால் தின்ன அந்தக் காட்டில் என்ன இருக்கிறது?